சியெம் ரீப் கண்ணிவெடி அருங்காட்சியகம்: ஏழாவது படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

திருநகர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைக்கு முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் கம்போடியா போவதாக இருக்கிறோம். மதுரையிலிருந்து சிங்கப்பூர், அங்கே மச்சான் வீட்டில் ரெண்டு நாள், அப்புறம் சியெம் ரீப். அங்கோர் வாட் பார்ப்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் சூரியவர்மன் என்று ஆரம்பித்தால் தட்டில் சோறு ஆறிவிடும்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அவர் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் அங்கே உள்ள கண்ணிவெடி அருங்காட்சியகமும் இருக்கிறது. வீட்டம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறாள். "காசு கொடுத்துப் போய் அழுதுட்டு வரணுமா" என்பது அவள் கேள்வி. மகள் ஏழாம் வகுப்பு. பழங்காநத்தம் பக்கம் ஒரு விபத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்தவள். அதனால் எனக்கும் யோசனையாக இருக்கிறது.

யாராவது போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது? ரத்தமும் சதையுமாகப் படங்கள் உண்டா? எவ்வளவு நேரம் ஆகும்?

நாலு மாசி வீதி:

நண்பரே, ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பான்டே ஸ்ரே கோயிலுக்குப் போகும் ரோட்டிலேயே இருக்கிறது, தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். கோயிலுக்குத்தான் அங்கோர் பாஸ் வேண்டும், மியூசியத்துக்கு வேண்டாம். நாங்கள் போனபோது நுழைவு ஐந்து டாலர். துக்துக்கில் போனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயதானவர் இருப்பதால் கார் வைத்துக்கொள்ளுங்கள், செம்மண் புழுதி ஜாஸ்தி.

ஊருக்குள் போர் அருங்காட்சியகம் என்று இன்னொன்று இருக்கிறது. டாங்கி, பீரங்கி, துப்பாக்கி எல்லாம் அங்கேதான். பெயரைச் சரியாகச் சொல்லாவிட்டால் டிரைவர் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

விளக்குத்தூண்:

மன்னிக்கவும், உங்கள் மனைவி சொல்வதுதான் எனக்குச் சரி என்று படுகிறது. அடுத்தவன் கை கால் போனதை டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள், நாம் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி பஃபே சாப்பிடப் போகிறோம். பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கும்? கோயிலைக் காட்டிக் கூட்டி வாருங்கள்.

கால்பட்டறை:

நான் செயற்கைக் கால் செய்கிறவன். அண்ணா நகர்ப் பக்கம் பட்டறை. பாங்காக்கில் எங்கள் தொழில் சம்பந்தமான கண்காட்சி ஒன்றுக்குப் போனவன், அப்படியே சியெம் ரீப் போய் வந்தேன். எங்கே போனாலும் ஆளின் முகத்துக்கு முன்னால் நடையைப் பார்க்கிற புத்தி எனக்கு. நான் சொல்வதும் அந்த வழியிலேயே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். கூட்டிப் போகலாம். நான் பார்த்தவரை கண்ணில் அறைகிற மாதிரி எதையும் மாட்டி வைக்கவில்லை. நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தமுக்கம் காந்தி மியூசியத்துக்கு வரிசையாகக் கூட்டிப் போய் ரத்தக்கறை படிந்த துணியைக் காட்டுகிறோமே, அதைப் பார்த்த பிள்ளை இதையும் பார்க்கலாம். சின்ன இடம், ஒன்றரை மணி நேரம் தாராளம். நடுவில் ஒரு கண்ணாடி மண்டபம், உள்ளே செயலிழக்க வைத்த வெடிகளைக் குவியலாகப் போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் அறைகள். தோட்டத்தில் ஒரு துண்டு இடத்தைக் கண்ணிவெடி வயல் மாதிரியே செய்து வைத்து, எங்கே இருக்கிறது கண்டுபிடி என்று விட்டிருக்கிறார்கள். இலைச் சருகுக்கு நடுவில் நானும் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் சளைக்காமல் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தை உண்டாக்கியவர் அக்கி ரா. போல் பாட்டின் கெமர் ரூஜ் கட்சி ஆண்ட காலத்தில் பெற்றோரை இழந்தவர், சிறுவனாக இருந்தபோதே கையில் துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள். வெடி புதைக்கவும் பழக்கினார்கள். அப்புறம் வியட்நாம் படை வந்து பிடித்துக்கொண்டது, அவர்களுக்காகவும் புதைத்தார். 90-களில் ஐநா ஆட்கள் வந்த பிறகு எடுக்கிற பக்கம் வந்தார். பிறகு தனி ஆளாக, கத்தியும் குச்சியுமாக, கிராமம் கிராமமாகப் போய் எடுத்திருக்கிறார். எடுத்ததை வீட்டில் சேர்த்து வைக்க, வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்க, ஒரு டாலர் வாங்க ஆரம்பித்ததுதான் 1997-ல் மியூசியம் ஆனது. இப்போதிருக்கும் இடத்துக்கு 2007-ல் மாறினார்கள். அடுத்த வருஷம் வெடி அகற்றுவதற்கென்றே முறைப்படி ஒரு அமைப்பும் தொடங்கினார். வெடியில் கை கால் இழந்த பிள்ளைகளை அவரும் மனைவியும் தங்களோடு வைத்து வளர்த்தார்கள்.

விளக்குத்தூண் தம்பிக்கு இதுதான் பதில். புதைத்த ஆளே தோண்டி எடுத்து, அந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட இடம் அது. வேடிக்கை காட்டக் கட்டியது இல்லை.

அப்புறம் வெடிகள். அமெரிக்க எம்-14 என்று ஒன்று. குறுக்களவு ஆறு சென்டிமீட்டர்கூட வராது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உள்ளே 29 கிராம் வெடிமருந்து. ஆளைக் கொல்ல வேண்டும் என்று செய்ததே இல்லை. செத்தவனை விட்டுவிட்டுப் படை நடந்துவிடும். பாதம் போனவனைத் தூக்க ரெண்டு பேர் வேண்டும், வண்டி வேண்டும், டாக்டர் வேண்டும். இப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டு மருந்தின் எடையைத் தீர்மானித்திருக்கிறார்கள். உடம்பு முழுக்க பிளாஸ்டிக், இரும்பு என்றால் உள்ளே இருக்கிற ஊசி மட்டும்தான். கருவி வைத்துத் தேடினாலும் லேசில் சிக்காது. இது போக சோவியத் பிஎம்என்-2, சீனாவின் டைப் 72, கம்பி தட்டினால் இடுப்பு உயரத்துக்கு எகிறி வெடிக்கிற ரகம் என்று எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எந்த நாடு செய்தது என்று எழுதியிருப்பார்கள், உங்கள் அப்பா அதிலேயே அரை மணி நேரம் நிற்பார்.

எனக்கு அந்தக் குவியலில் மனம் ஒட்டவில்லை. வெடித்த பிறகு நடப்பதுதான் என் தொழில். மிதித்தவுடன் மண், புல், செருப்புத் துண்டு, எலும்புத் தூள் எல்லாம் கீழிருந்து மேலே சதைக்குள் ஏறிவிடும். வெளியே பார்த்தால் கணுக்காலோடு போன மாதிரி தெரியும். சர்ஜன் அழுக்கு ஏறிய சதையை எல்லாம் எடுத்துக்கொண்டே போனால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்துதான் நிற்பார். காயத்தை உடனே தைக்கவும் கூடாது, நாலைந்து நாள் திறந்து வைத்துப் பார்த்துத்தான் மூடுவார்கள். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை, மிச்சத்தில் பெரும்பகுதி ரிங் ரோட்டின் உபயம். ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்தும் சிலர் வருவார்கள். தையல் தழும்பைப் பார்த்தாலே எது சர்க்கரைக் கால், எது வெடிக் கால் என்று கைக்குத் தெரிந்துவிடும். வெடிக் கால் மேடும் பள்ளமுமாக இருக்கும், சாக்கெட், அதாவது மிச்சக் கால் உள்ளே உட்காருகிற கிண்ணம், அதற்கு அச்சு எடுக்க ரெண்டு மடங்கு நேரம் ஆகும்.

பிள்ளைகள் சங்கதி இன்னும் மோசம். எலும்பு வளர்கிற வேகத்துக்குச் சுற்றியுள்ள சதையும் தோலும் வளராது. வெட்டிய முனையில் எலும்பு உள்ளிருந்து முட்டிக்கொண்டு வரும், திரும்ப ஆபரேஷன். வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு புதுக் கால், பெரியவருக்கு மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒன்று என்று செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. எட்டு வயதில் கால் போன பையனுக்கு எத்தனை கால் செய்ய வேண்டி வரும் என்று கூட்டிப் பாருங்கள். அந்த மியூசியச் சுவரில் இருக்கும் பிள்ளைகளின் படங்களைப் பார்த்தபோது எனக்கு இந்தக் கூட்டல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கம்போடியாவில் 1979-லிருந்து வெடியில் அடிபட்டவர்கள் 64,000-க்கு மேல். அதில் 19,000-க்கு மேல் இறப்பு. 1996-ல் ஒரே வருஷத்தில் அடிபட்டவர்கள் கணக்கு 4,000-க்கு மேல் போயிருக்கிறது. இப்போது வருஷத்துக்கு நூறுக்கும் கீழே. தாய்லாந்து எல்லையை ஒட்டி 80-களின் நடுவில் கே-5 என்று ஒரு வேலி மாதிரியே புதைத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

கோயில்களுக்குப் போகிற நடைபாதையில் கண்ணிவெடியில் அடிபட்டவர்கள் பாயில் உட்கார்ந்து கெமர் வாத்தியங்கள் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பான்டே ஸ்ரேயிலும் பார்த்தேன், தா ப்ரோமிலும் பார்த்தேன். கழற்றிய கால்கள் பாய்க்குப் பக்கத்தில் கிடக்கும். எல்லாரும் வாத்தியத்தைப் படம் எடுக்க, நான் குனிந்து ஒருவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிப்ரொப்பிலீன் சாக்கெட், தோல் நிறம், விளிம்பு ஒரு பக்கம் உரசி உரசி வெள்ளையாகப் போயிருந்தது. அந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். ரப்பர் பாதத்தில் கட்டைவிரல் பக்கம் தேய்ந்து உள்துணி தெரிந்தது. உள்ளே கம்பளிக் காலுறை ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று. ஸ்டம்ப், அதாவது வெட்டியது போக மிச்சமிருக்கும் கால், வருஷத்தோடு சுருங்கிப் போகும், காலுறையைக் கூட்டிக்கூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். என் டிரைவரை வைத்துக் கேட்டேன், நாற்று நடும் காலத்தில் ஊருக்குப் போய்ச் சேற்றிலும் இதே காலோடு இறங்குவாராம். நான் தட்டிப் பார்த்த இடத்தை அவரும் தட்டிக் காட்டிச் சிரித்தார். தொழில்காரன் என்று கண்டுகொண்டார் போல.

நம் ஊரிலும் ஒன்று சொல்லியாக வேண்டும். மேடை போட்டு, பேனர் கட்டி, ஒரே நாளில் நூறு பேருக்கு இலவசக் கால் என்று மாட்டி அனுப்பிவிடுகிற விழாக்கள் நடக்கின்றன. ரெண்டு மாதத்தில் சாக்கெட் உரசி புண்ணாகி, கால் பரணுக்குப் போய்விடும். திரும்ப வந்து சரி செய்ய அங்கே ஆள் இருக்காது. கால் கொடுப்பது பெரிய காரியமில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பாடு.

பனங்கூடல்:

நான் ஆனையூர் முகாம். 90-ல் கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவை. பிறந்த இடம் கிளிநொச்சிப் பக்கம் என்று சொல்லுவினம், எனக்கு ஞாபகம் ஒன்றும் இல்லை.

கம்போடியா போகாவிட்டாலும் இந்தக் கதை எங்கட வீட்டுக் கதைதான். என் பெரியம்மாவின் மகள் அங்கே மிதிவெடி அகற்றுகிற வேலை செய்கிறா. 2009-ல் அவவின் கணவர் இல்லாமல் போனார், ரெண்டு பிள்ளைகள். அந்த வேலையில் இருக்கிற பெண்கள் கனபேர் அவ மாதிரித்தான், வீட்டுக்கு உழைக்க வேறு ஆளில்லை. முகாம்காரருக்குப் பாஸ்போர்ட் எங்கே, வாட்ஸ்அப் வீடியோவில்தான் எனக்கு எல்லாம் காட்டுவா. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, மார்புக்குக் கவசம், கையில் தோட்டம் கூட்டுகிற வாரி போல நீளக் கைப்பிடி வைத்த வாரி. வட பகுதி மண் மணல் என்றபடியால் கருவியை மட்டும் நம்பாமல் வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இழுத்துத்தான் எடுப்பினம். முகமாலைப் பக்கம் அவ்வளவு நெருக்கமாகப் புதைத்திருக்கிறார்கள். ரெண்டு தரப்பும் புதைத்தது. பாகிஸ்தான்காரன் செய்ததும் வரும், புலிகள் இயக்கம் பலகைப் பெட்டியில் செய்த ஜொனி 95-உம் வரும். பெட்டி உக்கிப் போயிருக்குமாம், ஆனால் உள்ளே இருக்கிறது உக்காது.

பெரியம்மாவின் காணியைத் துப்புரவாக்கிக் கையளித்துக் கன காலம். கடிதமும் இருக்கிறது. இருந்தும் தென்னைக்குத் தண்ணீர் விட அவ இன்றைக்கும் அதே ஒற்றையடிப் பாதையால்தான் போவா. பேரப்பிள்ளை பந்தை எறிந்துவிட்டு ஓடினால் பெரிய சத்தமாகக் கத்துவா. "கடிதம் இருக்குது எண்டு காணிக்குத் தெரியுமோ" என்று மகளிடமே கேட்பாவாம், மகள் அதே வேலை செய்கிறவ!

திருநகர் அண்ணா, உங்கட மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கோ.

கால்பட்டறை அண்ணா, உங்கள் பட்டறை முந்தி மாடியிலேயா இருந்தது? எங்கட சித்தப்பா ஒருத்தர் அண்ணா நகரில் கால் செய்யப் போய், கால் இல்லாதவனுக்கு மாடியில கடை போட்டிருக்கிறான் என்று ஒரு கிழமை திட்டிக்கொண்டு திரிந்தவர்.

திருநகர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. பனங்கூடல் தங்கச்சி எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை, பாஸ்போர்ட் விஷயத்தை மட்டும் திரும்பக் கேட்டாள்.

கால்பட்டறை அண்ணே, ரெண்டு சந்தேகம். அப்பா கேட்கச் சொன்னது: இந்தியா கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இருக்கிறதா? நான் கேட்பது: போவதற்கு முன்னால் பிள்ளையிடம் எப்படி ஆரம்பிப்பது? சண்டை முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் வெடிக்கிறது என்று நேற்றே கேட்டுவிட்டாள்.

கால்பட்டறை:

அப்பாவுக்கு: இல்லை. ஒட்டாவா ஒப்பந்தம் என்கிற அந்தத் தடை ஒப்பந்தத்தில் 1997 டிசம்பரில் கையெழுத்து தொடங்கியது, நடைமுறைக்கு வந்தது 1999 மார்ச் 1. அதற்காகப் பாடுபட்ட இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் அந்த 1997-லேயே அமைதி நோபல் கொடுத்தார்கள். 160-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. இந்தியா, பாகிஸ்தான், சீனா, ரஷ்யா, அமெரிக்கா ஐந்தும் வெளியே. நான் மேலே சொன்ன எம்-14 வகையை நாமும் செய்து வைத்திருக்கிறோம். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2001 டிசம்பரில் பராக்கிரம் நடவடிக்கை என்று பாகிஸ்தான் எல்லையில் படையைக் குவித்தார்களே, அப்போது பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் விளைநிலங்களில்கூடப் புதைத்தார்கள். போரே நடக்கவில்லை. புதைத்ததிலும் எடுத்ததிலும் நம் சிப்பாய்களும் அந்த ஊர் விவசாயிகளும் அடிபட்டார்கள். இலங்கை 2017-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. இப்போது தலைகீழாக, ரஷ்யா பயத்தில் பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா எல்லாம் 2025-ல் விலகுவதாக அறிவித்துவிட்டன. என் தொழிலுக்குக் கிராக்கி குறையாது போலிருக்கிறது.

பிள்ளைக்கு: தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் வெடிக்காத வெடியைப் பொறுக்குகிற பிள்ளைகளை எப்படித் திட்டுவோம்? அதிலிருந்து ஆரம்பியுங்கள், அவளுக்கே மிச்சம் புரியும். பக்கத்து நாடு லாவோஸில் 1964-லிருந்து 1973 வரை அமெரிக்கா போட்ட கொத்துக் குண்டுகளில் 27 கோடி சிறு குண்டுகள் இருந்தன. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டது. டென்னிஸ் பந்து அளவு உருண்டை, பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடுவார்கள்.

அவளுக்கு ராத்திரி தூக்கம் வர வேண்டும் என்றால் முதல் நாளே சியெம் ரீப் ஊருக்குள் இருக்கும் எலி மையத்துக்குக் கூட்டிப் போங்கள். அப்போப்போ என்ற அமைப்பு ஆப்பிரிக்கப் பெருச்சாளிகளைத் தான்சானியாவில் பழக்கிக் கொண்டு வந்து இங்கே வெடி தேட விடுகிறது. மீட்டர் நீளத்துக்குக் கிட்ட வளரும், ஆனால் வெடியை அழுத்தி வெடிக்க வைக்கிற எடை கிடையாது. துருப்பிடித்த ஆணி, தகரம் எதையும் சட்டை பண்ணாது, டிஎன்டி வாசனை பட்டால் மட்டும் பிராண்டும். டென்னிஸ் மைதான அளவு இடத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடும், கருவியோடு ஒரு ஆள் தேடினால் நாலு நாள்கூட ஆகும். மகாவா என்ற எலிக்கு 2020-ல் பிரிட்டனில் உள்ள ஓர் அமைப்பு தங்கப் பதக்கமே கொடுத்தது. 2022 ஜனவரியில் வயதாகி இறந்தது. கண்ணுக்கு முன்னால் செய்து காட்டுவார்கள், முடிந்ததும் எலிக்கு வாழைப்பழம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் காட்டிய படங்களில் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

மியூசியத்தில் அவள் எதையாவது பார்த்துவிட்டு வெளியே போகலாம் என்று சொன்னால் உடனே கூட்டி வந்துவிடுங்கள். அப்பா உள்ளே பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஏப்ரல், மே என்றால் அங்கே வெயில் நம் ஊரைத் தோற்கடிக்கும். காலையில் சீக்கிரமே கிளம்பிப் பான்டே ஸ்ரே முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் மியூசியம் வைத்துக்கொள்ளுங்கள்.

பனங்கூடல் தங்கச்சி, மாடியில் இருந்தது நான்தான். சித்தப்பா திட்டியது நியாயம், என்னிடமும் நேராகவே திட்டினார். இப்போது கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டேன், வாசலில் சரிவும் போட்டிருக்கிறது. அவர் வந்து போய் மூன்று வருஷம் தாண்டியிருக்கும். காலுறையை ரெண்டு மூன்று போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், சாக்கெட் லூஸாகிவிட்டது என்று அர்த்தம். புதுசாக அச்சு எடுக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி காலையில் வந்தால் கூட்டம் இருக்காது. பழைய காலையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், பாதம் நன்றாக இருந்தால் அதையே மாட்டிவிடலாம்.